உடனிருந்து பேணல்

நோய் தீர்வதற்கு எவை வேண்டும்? நல்ல மருத்துவரும் தக்க மருந்தும் அமைந்தால் போதும் என்று பலர் எண்ணுவர். திருவள்ளுவர் அவ்வாறு எண்ணவில்லை. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதியில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. இவற்றுள் நான்காம் கூற்றைப் பலர் மறந்துவிடுகின்றனர். மருத்துவர் நோயாளியோடு இருப்பது சிறிது நேரமே. பேணுபவன் இருப்பதோ பல நாள்.

நோயுற்றது மனிதனாயின், அவன் தன் நோவு இன்ன இடத்தில் உள்ளது என்று சொல்வான். மருத்துவர் விலக்கியதை விலக்கிக்கொள்வான். நோயுற்றது ஒரு பூனையாயின் என்ன செய்வது? அதற்கு வாய் உண்டு, சொல் இல்லை. நோவை வெளியே காட்டாமல் மறைப்பதும் அதன் இயல்பு. ஆதலின் அங்கே நோயாளியின் பங்கும் பேணுபவனையே சார்கிறது. அவன் ஒருவனே இருவர் கடமையைச் செய்ய வேண்டும்.

அரசலாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது காரைக்கால். தமிழ்நாட்டு மாவட்டங்கள் மூன்று பக்கமும் சூழ, கிழக்கே கடல் அலைக்க, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதியாக அது விளங்குகிறது. 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அந்நிலம், இடையிடையே ஆங்கிலேயர் வசப்பட்டு மீண்டு, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலியன அதன் கடற்கரையில் உள்ள மீனவர் ஊர்கள். மீன் உள்ள இடத்தில் பூனை இல்லாமல் இராது. படகு கரை சேரும் வேளையை அது அறியும். வலை உலரும் மணலில் வெயில் காயும். இரவானால் மீன் தலை ஒன்றுக்காகவோ தன் எல்லைக்காகவோ மற்றொரு பூனையோடு போரிடும்.

அத்தகைய ஊரில், ஒரு வீட்டில் வளரும் கடுவன் பூனை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. இரவுச் சண்டையில் அதன் தொடையை மற்றொரு கடுவன் கடித்துவிடுகிறது. விலாப்புறத் தோலும் நகத்தால் கிழிகிறது. தொடையில் தெரிவன இரண்டு சிறு துளைகளே. வீட்டார் அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை. மூன்றாம் நாள் தொடை வீங்குகிறது. பூனை உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. அவ்வீட்டுச் சிறுமி அதை மூடியுள்ள கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்கிறாள்.

சிறு துளை பெரும் புண்ணானது எவ்வாறு? பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. அது தோலில் சிறு வழி செய்து ஆழத்தில் இறங்குகிறது. பல்லோடு நுண்ணுயிர்களும் இறங்குகின்றன. மேல்தோல் விரைவில் மூடிக்கொள்ள, அவை உள்ளே அடைபட்டுப் பெருகுகின்றன, சீழ்க்கட்டி உண்டாகிறது. பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் நுண்ணுயிர்களுள் ஒன்றுக்குப் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்பது பெயர். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1880-ஆம் ஆண்டளவில் கோழிக் காலரா நோயை ஆராய்ந்தபோது இந்நுண்ணுயிரையே வளர்த்து, அதன் வலிமையைக் குறைத்து, தடுப்பு மருந்து கண்டார். அவர் நினைவாகவே அதற்கு அப்பெயர் அமைந்தது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது.

மருத்துவர் பூனைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கட்டியைத் திறக்கிறார். சீழை வடித்துக் கழுவுகிறார். கிழிந்த விலாப்புறத் தோலைத் தைக்கிறார். ஆனால் தொடைப் புண்ணை முழுதும் தைக்காமல், மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை வைத்துத் திறந்தே விடுகிறார். இதைக் காண்போர் வேலை பாதியில் நின்றதென எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. மாசு தங்கிய புண்ணை இறுக மூடினால் சீழ் மீண்டும் உள்ளே சேரும். ஊறும் நீர் வெளியேறுவதற்கு வழி விட்டால், புண் அடியிலிருந்து நிரம்பி மேலே வரும். சில நாட்களில் நீர் குறைந்ததும் மருத்துவர் குழாயை எடுத்துவிடுவார். எனவே அதை வீட்டார் இழுத்தலும் அடைத்தலும் ஆகா.

மயக்கம் முழுதும் தெளியாத முதல் இரவில் பூனை தள்ளாடும். அப்போது அது பரண்மேல் ஏறினால் விழும். வெளியே ஓடினால் நாய்க்கு இரையாகும். ஆகையால் அதைச் சிறிய அறை ஒன்றில், தரையில் விரித்த தூய துணியின்மேல் விட வேண்டும். குளிர் தாக்காமலும் கூச்சல் கேளாமலும் காக்க வேண்டும். நன்றாகத் தெளிந்த பின்னரே உணவு தரலாம். அந்த நேரத்தை மருத்துவரே சொல்லியனுப்புவார்.

இனி, தோலின் உள்ளே நிகழ்வதை அறிதல் நன்று. அதை அறிந்தவர்க்கே பேணும் முறையின் காரணம் விளங்கும். காயம் பட்டவுடன் இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உடைப்பை அடைக்கின்றன. ஃபைப்ரின் என்னும் நார்ப்பொருள் அதன்மேல் வலைபோல் பின்னுகிறது. அவ்வலையில் இரத்த அணுக்கள் மீன்போல் சிக்கிக் கட்டியாகின்றன. அடுத்து வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. அவை நுண்ணுயிர்களை விழுங்குகின்றன. இறந்த திசுக்களை அகற்றுகின்றன. முதல் மூன்று நான்கு நாட்களில் தையலின் ஓரம் சற்றே சிவந்து தடித்திருப்பதற்கு இத்துப்புரவுப் பணியே காரணம். அஃது அளவோடு இருந்து நாளுக்கு நாள் குறையுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை.

மூன்றாவது, கட்டும் பணி. நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்துப் புண்ணுக்குள் படர்கின்றன. இளஞ்சிவப்பான புதுத் தசை நிரம்புகிறது. தோலின் அணுக்கள் விளிம்பிலிருந்து மெல்ல நகர்ந்து அதை மூடுகின்றன. இறுதியாகக் கொலாஜன் என்னும் புரத நார்கள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டு தழும்பை வலுப்படுத்துகின்றன. எவ்வளவு முதிர்ந்தாலும் தழும்பு பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்குக்குமேல் பெறுவதில்லை.

இவ்வளவு வேலையையும் செய்வது உடலே. மருத்துவர் வழியைத் திருத்திக் கொடுக்கிறார். தையல் நூல் விளிம்புகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. பேணுபவன் செய்ய வேண்டுவது இவ்வேலை கலையாமல் காப்பதே. பூனையின் புண் நாயின் புண்ணைவிட மெதுவாகவே ஆறும் என்பதை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். தைத்த ஏழாம் நாளில் பூனையின் தோல், நாயின் தோல் பெற்ற வலிமையில் பாதியளவே பெற்றிருந்தது. ஆதலால் ஒரு வாரம் சென்றதும் பூனை துள்ளி விளையாடக் கண்டு, புண் ஆறிவிட்டதென முடிவு செய்வது தவறு. விளையாட்டு மீண்டு வரும். தோலின் வலிமை பின்னரே வரும்.

பூனையின் புண்ணுக்கு அதன் நாவே முதற்பகை. பூனை நக்கினால் புண் ஆறிவிடும் என்று சொல்வார் உண்டு. பூனையின் நாவைத் தொட்டவர் அதன் சொரசொரப்பை அறிவர். அதன்மேல் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் நிறைந்துள்ளன. அவை நகத்தின் பொருளாகிய கெராட்டினால் ஆனவை. எலும்பில் ஒட்டிய ஊனைச் சுரண்டவும் மயிரைக் கோதவும் ஏற்ற கருவி அது. அக்கருவி இளம் புண்ணின்மேல் பட்டால், புதிதாகப் படர்ந்த தோல் பெயர்ந்துபோகும், தையல் அவிழும், வாயின் நுண்ணுயிர்களும் புண்ணில் ஏறும். இதனைத் தடுக்கவே மருத்துவர் கூம்பு வடிவமான கழுத்துப்பட்டி ஒன்றை அணிவித்து அனுப்புகிறார்.

பட்டி அணிந்த பூனை முதல் நாள் பின்னோக்கி நடக்கும், சுவரில் மோதும், கண்டோர் மனம் இளகுமாறு பார்க்கும். அச்சிறுமிக்கும் மனம் இளகியது. “பாவம் பாட்டி, சிறிது நேரம் கழற்றிவிடலாமா?” என்று கேட்டாள். அவ்விரக்கமே பூனைக்குக் கேடாய் முடியும். தனித்து விடப்பட்ட பூனை சில நிமிடங்களில் பத்துத் தையலையும் பிரித்துவிட வல்லது. பட்டியைக் கழற்றாமலே அதன் துன்பத்தைக் குறைக்க வழிகள் உள்ளன. ஆழமான கிண்ணத்துக்கு மாறாக அகன்ற தட்டில் உணவு வைக்கலாம். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடம் உண்டா என்று பார்க்கலாம். பட்டி தடுப்பதால் பூனை தானே கோத முடியாத முகத்தையும் காதோரத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

அடுத்த பகை, அறியாமல் செய்யும் மருத்துவம். இரண்டாம் நாள் இரவு பூனை முனகியது. பாட்டி, “உனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த மாத்திரையில் பாதிதானே கொடுத்தோம், அம்மா? இதற்கும் பாதி கொடுத்தால் நோவு தீருமே” என்றாள். அன்பினால் எழுந்த சொல் அது. ஆனால் அம்மாத்திரை பாராசிட்டமால். மனிதன் உடலில் அம்மருந்தை நஞ்சாகாமல் மாற்றி வெளியேற்றும் ஆற்றல் ஈரலுக்கு உண்டு. பூனையின் ஈரலில் அதற்கு வேண்டிய நொதி மிகக் குறைவு. எனவே மருந்து நஞ்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் திறனை இழக்கிறது, ஈறு பழுப்பு நிறமாகிறது, முகம் வீங்குகிறது, மூச்சுத் திணறுகிறது. மனிதர் உண்ணும் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நல்வேளையாக அச்சிறுமி, “மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம், பாட்டி” என்று தடுத்தாள். பாட்டியும் மாத்திரையை மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

பாராசிட்டமால் ஒன்று மட்டுமன்று. பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய் ஆகியனவும் பூனைக்கு நஞ்சாவன. தோலில் தடவியதை அது நக்கி விழுங்கிவிடும். தோல் வழியாகவும் சில நஞ்சு உட்புகும். மஞ்சளும் சாம்பலும் கொடியன அல்லவே என்று சிலர் கேட்கலாம். அவற்றில் மாசு கலந்திருக்கக்கூடும். மேலும் புண்ணின் உண்மை நிலையை அவை கண்ணுக்கு மறைத்துவிடும். தைத்த புண்ணைக் கழுவாமல் உலர வைத்தலே பொது விதி. திறந்த புண்ணைத் துடைக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, தூய துணியை அதில் நனைத்து மெல்ல ஒற்றி எடுக்கலாம். உடலில் உள்ள நீரின் உப்பளவோடு அது ஒத்திருப்பதால் இளந்தசையை வருத்தாது. துடைப்பதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

மருத்துவர் தந்த மருந்தை, பூனை நலம் பெற்றது போலத் தோன்றினாலும் அவர் குறித்த நாள்வரை தருதல் வேண்டும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகலாம். பூனையைத் துவாலையில் சுற்றித் தலை மட்டும் வெளியே தெரியுமாறு ஒருவர் பிடிக்க, மற்றொருவர் மாத்திரையை நாவின் பின்பகுதியில் வைக்கலாம். பின்னர்ச் சிறிது நீரோ உணவோ கொடுக்க வேண்டும். வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அங்கேயே புண் உண்டாகும்.

உணவும் மருந்தைப் போன்றதே. புதுத் தசை கட்டப்படுவதற்குப் புரதம் வேண்டும். முள் நீக்கி, உப்பும் காரமும் சேர்க்காமல் அவித்த மீன், மீனவர் வீட்டில் எளிதில் கிடைப்பது. இளஞ்சூட்டோடு வைத்தால் அதன் மணம் பூனையின் பசியை எழுப்பும். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு ஈரலில் சேர்ந்து புதிய நோயை விளைக்கும். ஆகையால் ஒரு நாள் முழுதும் அது உணவைத் தொடவில்லை எனில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடற்கரை ஊரில் மேலும் சில காவல்கள் தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை காரைக்காலை நனைக்கும். ஈரக் காற்றில் புண் எளிதில் உலராது. மீன் கிடக்கும் இடத்தில் ஈக்களும் மிகுதி. அவை திறந்த புண்ணில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆதலின் புண் ஆறும்வரை பூனை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அது படுக்கும் துணியை நாள்தோறும் மாற்ற வேண்டும். அது மலம் கழிக்கும் தட்டில் மணல் நிரப்புவது அவ்வூர் வழக்கம்; மணல் புண்ணில் ஒட்டுமாதலால், அந்நாட்களில் கிழித்த பழைய செய்தித்தாளைப் பரப்புவது நன்று. குளிப்பாட்டுதல் அறவே கூடாது.

பேணுபவனின் தலையாய கருவி கண். காலையும் மாலையும் நல்ல வெளிச்சத்தில் புண்ணைப் பார்த்து, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் சிறந்த பழக்கம். அச்சிறுமி தன் பழைய நோட்டில் நாளும் நான்கு செய்திகளை எழுதினாள்: புண்ணின் நிறம், வீக்கத்தின் அளவு, உண்ட உணவு, கழித்த மலசலம். நேற்றையதைவிட இன்று வீக்கம் குறைந்ததா என்பதை நினைவு மாற்றிச் சொல்லலாம். எழுத்து மாற்றிச் சொல்லாது. தெளிந்த நீர் சிறிதளவு கசிதல் இயல்பு. மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வடிதல், நாற்றம், மூன்று நான்கு நாட்களுக்குப் பின் வீக்கம் மிகுதல், தோல் கருத்தல், தையல் விடுதல், மறைவிடம் தேடிப் பதுங்குதல் ஆகியன தீக்குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவரை நாட வேண்டும். தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டலாகாது. நலமுள்ள பூனையின் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியசு வரை இருக்கும். அது மனிதர் வெப்பத்தைவிட மிகுதியானது.

பேணுபவன் தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். நோவுற்ற பூனை தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் வரக்கூடும். அந்நோய் முற்றியபின் பிழைத்தல் மிக அரிது. தடுப்பூசியோ உயிரைக் காக்கும். 1885-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அத்தடுப்பூசியை முதன்முதல் இட்டுக் காத்தவர் அதே லூயி பாஸ்டர்தான்.

தைத்த பத்து முதல் பதினான்கு நாட்களில் மருத்துவர் தையலைப் பிரிப்பார். எடுத்துக்காட்டாகக் கொண்ட கடுவனுக்கும் அந்நாள் வந்தது. தொடையில் இருந்த குழிவு நிரம்பி, தோல் மூடியிருந்தது. மழித்த இடத்தில் புது மயிர் அரும்பியிருந்தது. மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, இனிச் சண்டை குறையக் கருத்தடை அறுவை செய்துவிடுமாறு அறிவுரை கூறினார். கருத்தடை செய்த கடுவன் இரவில் அலைவதும் எல்லைக்காகப் போரிடுவதும் பெரிதும் குறையும். எனவே மற்றொரு சீழ்க்கட்டிக்கும் இடம் குறையும். வீடு திரும்பிய பூனை கழுத்துப்பட்டி இல்லாமல் தன் உடலை நெடுநேரம் கோதிக்கொண்டு, வாயிற்படியில் படுத்துறங்கியது.

மருத்துவரின் திறமையும் மருந்தின் வலிமையும் அப்பூனையைக் காத்தன என்பது உண்மை. எனினும், பட்டியைக் கழற்றாத உறுதியும், மாத்திரையைத் தடுத்த அறிவும், நாள்தோறும் நோக்கி எழுதிய பொறுமையும் இல்லையேல் அத்திறமையும் வலிமையும் வீணாகியிருக்கும். அன்பு மட்டும் போதாது. அன்புக்கு அறிவு துணையாக வேண்டும். சொல்லற்ற உயிரின் புண்ணை ஆற்றும்போது, மருத்துவத்தின் நான்காம் கூறு முதற்கூறாகவே உயர்ந்து நிற்கிறது.